லிஸ்ட்டில் இல்லாத தொட்டி

— எந்திரிக்காதலே பாண்டி, படு. இசக்கியைப் பாத்துட்டுத்தான் வாரேன். கஞ்சி குடிச்சுட்டு கட்டில்ல உக்காந்திருக்கான்.

— பேசுதானா மாடத்தியக்கா?

— பேசுதான். தொண்டைதான் கம்மியிருக்கு. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிருவாங்களாம். உன்னையத்தான் இன்னும் ரெண்டு நாள் வச்சுப் பாக்கணும்னு டாக்டர் சொல்லுதாரு. நெஞ்சுக்குள்ள சேத்துத் தண்ணி போயிருக்காம்.

— வள்ளி அங்கன இருக்காளா?

— தம்பி பக்கத்துலயேதான் இருக்கா. உன்னைய வந்து பாக்கச் சொன்னேன். ‘கட்டுன புருசனா இருந்தாலும், என் தம்பியத் தொட்டிக்குள்ள எறக்குன மனுசன் மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன்’னுட்டா.

— சொல்லட்டும். அவ சொல்லுததுல தப்பில்ல. இசக்கி வேண்டாம்னுதான் சொன்னான் பாத்துக்கிடுங்க. ‘அத்தான், அந்தக்கா நம்ம கம்பெனி ஆரம்பிச்ச காலத்துல இருந்து உங்களுக்குச் சோறு போடுதாவ’ன்னு சொன்னான். நான்தான் கேக்கல. சாரல் விழ ஆரம்பிச்சாச்சு, குத்தாலத்துல லாட்ஜு பூரா தண்ணித் தொட்டி கழுவுவான், உங்களுக்குத் தெரியாம ரெண்டு பேரும் தனியாச் செய்வோம்னு இழுத்துட்டுப் போனேன்.

— அந்த லாட்ஜு நம்ம கஸ்டமருலே.

— ஆமா.

— நாலு வருசமா நம்ம கழுவுத தொட்டி.

— நான் கழுவுத தொட்டி அக்கா. நீங்க ஒரு நாளாவது அந்த மூடியத் தொறந்து பாத்திருக்கியளா?

— இல்ல.

— கோவத்துல சொல்லல பாத்துக்கிடுங்க. உள்ளதச் சொல்லுதேன். முன்னால யாரு கூப்பிட்டாலும் ‘பாண்டியை அனுப்புங்க’ன்னுதான் கேப்பாங்க. இலத்தூர்லயும் பாண்டி, மேலகரத்துலயும் பாண்டி. இப்ப அவங்களுக்கு என்ன மெசேஜ் போவுது? ‘உங்கள் தொட்டியைச் சுத்தம் செய்ய டீம் இரண்டு வருகிறது.’ நான் டீம் ரெண்டு! போன மாசம் ஒரு டீச்சரம்மா கதவத் தொறந்துட்டு, ‘நீங்கதான் டீம் ரெண்டா’ன்னு கேக்காங்க. எனக்கு எப்படி இருக்கும்?

— அது எங்க நாத்தனா மக சண்முகப்பிரியா எழுதுனது. பேரப் போடுன்னு நான் சொல்லியிருக்கணும். தோணல.

— எட்டுப் பேருக்கும் வரிசைப்படி வேலை போவுதாம். அஞ்சு நாள் முன்ன சேந்தவனும் நானும் ஒண்ணு.

— லே, காலண்டர் பின்னால எழுதி வச்சு நம்ம பட்ட பாடு மறந்து போச்சா? ஒரே நாள்ல ஒரே நேரத்துக்கு ரெண்டு வீட்டுல வாரேன்னு சொல்லிட்டு, ரெண்டு வீட்டுலயும் ஏச்சு வாங்குவோம். ஒரு தடவை கழுவுன வீட்டுக்காரன் அடுத்து எப்பக் கூப்பிடுவான்னு தெரியாது. இப்ப மிஸ்டு கால் குடுத்தாப் போதும். எத்தன லிட்டர் தொட்டி, எங்கன இருக்குன்னு போன்ல அவங்களே போட்டுருதாங்க. ஆறு மாசம் ஆச்சுன்னா ‘தொட்டி கழுவுத நேரம் வந்தாச்சு’ன்னு அதுவா மெசேஜ் அனுப்புது. ஒரு நாளைக்கு ரெண்டு தொட்டி கழுவிக்கிட்டு இருந்தோம். இப்ப ஒம்பது. நான் ஒருத்தி உக்காந்து ஆள் ஆளாக் கூப்பிட்டு இதச் செய்ய முடியுமா?

— அத நான் வேண்டாம்னே சொல்லலியே. அதனாலதான் எங்களுக்கும் மழைக்காலத்துல வேலை இருக்கு. எங்க போன்ல வச்சிருக்கிய பாருங்க, அந்தப் பட்டன்தான் எனக்குப் பிடிக்கல. தொட்டிக்குள்ள போகும்போது ‘இறங்குகிறேன்’னு ஒண்ண அமுக்கணும். வெளிய வந்தா ‘ஏறிவிட்டேன்’னு ஒண்ண அமுக்கணும். சரி, அது எங்க உசுருக்காவன்னு வச்சுக்கிடுவோம். லிஸ்ட்ல இல்லாத எடத்துல அமுக்குனா உங்க போன்ல செவப்பா வந்து கத்துமாமே, அது எதுக்கு? எங்க மேல நம்பிக்கை இல்லாமத்தான?

— ஆமா.

— பாத்தியளா.

— மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது. ரெண்டு பேரு நம்ம கழுவுத மெஷின எடுத்துட்டுப் போயி, பக்கத்து வீட்டுத் தொட்டியையும் சத்தமில்லாமக் கழுவிட்டு வந்தான். அதுக்காவ வச்சேன். உன்னைய நெனச்சு வைக்கல.

— என் போன்லயும்தான வச்சிய.

— வச்சேன். சரி, அதெல்லாம் இருக்கட்டும். அன்னைக்கு நடந்ததச் சொல்லு. லாட்ஜுக்காரரு ஒண்ணு சொல்லுதாரு, இசக்கிக்குப் பாதி ஞாபகமே இல்ல.

— காலையில பத்து மணி இருக்கும். மூடியத் தொறந்தோம். போன சீசன் முடிஞ்சு நான் மூடுனது, அதுக்கப்புறம் யாரும் தொடல. அடியில இலையும் சேறுமா முழங்கால் ஒசரத்துக்குக் கெடக்கு. ஒரு மாதிரி வாடை.

— வெசக்காத்து போவ அரை மணி நேரம் காத்தாட விட்டியா?

— விடல. கொல்லத்துல இருந்து ரெண்டு பஸ் ஆளு வருது, பன்னெண்டு மணிக்குத் தண்ணி வேணும்னு லாட்ஜுக்காரரு தலைக்கு மேல நிக்காரு. காத்தடிக்கிற மெஷின் உங்ககிட்ட. இடுப்புல கட்டுத பெல்ட்டும் உங்ககிட்ட. நான் பைக்ல ரெண்டு வாளி, ஒரு கயிறு, பிரஷ், இம்புட்டுத்தான் கொண்டு போனேன்.

— எறங்குனது யாரு?

— இசக்கி. நான் மேல நின்னு வாளியத் தூக்குதேன். ஏழெட்டு வாளி சேறு வந்துச்சு. அப்புறம் கயித்த ஆட்டுதேன், கீழ இருந்து சத்தத்தையே காணோம். எட்டிப் பாத்தா ஏணிக்கு அடியில முட்டி போட்டு உக்காந்திருக்கான், தலை தொங்குது. ‘ஏலே இசக்கி’ங்கேன். நிமிரவே இல்ல அக்கா.

— அழாதலே. அவன் நல்லாத்தான் இருக்கான்.

— துண்ட மூஞ்சியில கட்டிக்கிட்டு எறங்குனேன். தோள்ல தூக்கிப் போட்டு ரெண்டு படி ஏறியிருப்பேன். அதுக்கு மேல ஒண்ணும் தெரியல. முழிச்சுப் பாக்கேன், மூஞ்சியில சாரல் விழுது.

— எறங்குததுக்கு முன்னால பட்டன அமுக்கியிருக்கியே.

— பழக்கம் அக்கா. தொட்டியக் கண்டாக் கை அதுவா அங்கன போவுது. யாரு வந்து எங்களத் தூக்குனது?

— நம்ம ஆளு சிவசுப்பிரமணியன். செவப்பா வந்து கத்துனதும் எடத்தப் பாத்தேன், ஐந்தருவி ரோடு. அவன் நாலு கட்டடம் தள்ளி மேல்தொட்டி கழுவிக்கிட்டு இருந்தான். ‘மெஷினையும் பெல்ட்டையும் எடுத்துட்டு ஓடு’ன்னேன். என்ன ஏதுன்னு கேக்காம ஓடிட்டான். நீ சேத்துல மல்லாக்கக் கெடந்தியாம், இசக்கி தலைய உன் நெஞ்சு மேல ஏந்தி வச்சிருந்தியாம். காத்தடிச்சு விட்டுட்டு, பெல்ட்டக் கட்டிக்கிட்டு எறங்கி ஒவ்வொருத்தரா ஏத்தியிருக்கான். இன்னும் அஞ்சு நிமிசம் போயிருந்தா ரெண்டு பேரும் இல்லைன்னு டாக்டர் சொன்னாரு.

— நான் வேலைய விட்டு நின்னுக்கிடுதேன் அக்கா. நீங்களா சொல்லுததுக்கு முன்னால நானே சொல்லிருதேன்.

— நின்னு?

— புனலூர்ல எங்க சித்தப்பா மகன் பெயின்ட் வேலை பாக்கான். அங்கன போயிருதேன்.

— நான் ஒண்ணு சொல்லுதேன், கேளு. இனிமே குத்தாலம் பூரா உன் பொறுப்பு. கஸ்டமருக்கு ‘பாண்டியராஜ் வருகிறார்’னுதான் மெசேஜ் போவும். மெஷினும் பெல்ட்டும் ஒரு செட்டு உன் வீட்டுலயே இருக்கட்டும். மூடியத் தொறந்து அரை மணி ஆகாம அந்த எறங்குத பட்டனே போன்ல வராது. பிரியாட்டச் சொல்லி நேத்தே மாத்தியாச்சு.

— எதுக்கு இதெல்லாம்? ஆஸ்பத்திரியில கெடக்கானேன்னு பாவம் பாக்கியளா? உங்க கஸ்டமரக் களவாண்டவன் நான்.

— அதுக்கு முந்தின வாரம் எல்லாரு முன்னாலயும் உன்னைய நான் என்ன சொன்னேன்?

— ‘நீ இல்லாட்டாலும் இந்தக் கம்பெனி ஓடும்’னிய.

— சொல்லியிருக்கக் கூடாது.

— ஓடத்தான செய்யும். நெசந்தான.

— பாண்டி, நீ பழக்கத்துல அமுக்கல.

— விடுங்க அக்கா.

— பழக்கம்னா இசக்கி எறங்கும்போதே அமுக்கியிருப்பே. அவன் எறங்கி இருபது நிமிசம் கழிச்சு அமுக்கியிருக்கே. செவப்பா வரும், மாட்டிக்கிடுவோம்னு தெரிஞ்சேதான் அமுக்கியிருக்கே.

— எனக்கு அப்ப வேற ஒண்ணும் தோணல. செவப்பா வந்தாத்தான் நீங்க ஓடி வருவியன்னு பட்டுச்சு.

— பட்டன அமுக்குததுக்கு முன்னால எனக்கு போன் போட்டிருக்கே. ரெண்டு தடவை.

— வேலையா இருந்திருப்பிய.

— அத நீ இங்கன யாருட்டயும் சொல்லல. வள்ளிட்டச் சொல்லல, சிவசுப்பிரமணியன்ட்டச் சொல்லல.

— சொல்லி என்ன ஆவப் போவுது? போட்டேன், நீங்க எடுக்கல. அவ்வளவுதான.

— எனக்கு ஒரு வேலையும் இல்லலே. போன் கையிலதான் இருந்துச்சு. ரெண்டு தடவையும் உன் பேரப் பாத்துட்டுத்தான் நான் கட் பண்ணுனேன்.