சயா சாதிக் பாட்சா செய்த குற்றம் என்ன?

விழாத் தலைவர் ஊ ராஜரத்தினம் அவர்களே! பாகோ ஆற்றுப் பாலத்தில் ஒன்றரை மணி நேரம் பேருந்தில் நின்றபடியே வந்து சேர்ந்திருக்கும் தன்லியின் ஊர்ப் பெரியவர்களே! அடுப்பை அணைத்த கையோடு ஓடி வந்திருக்கும் தாகேதாத் தாய்மார்களே! தமிழில் கேட்டால் பர்மிய மொழியில் பதில் சொல்லும் என் செல்லப் பிள்ளைகளே! முன்வரிசையில், மடியில் கேடயத்தோடு அமர்ந்திருக்கும் கல்லூரி நிர்வாகிகளே! அனைவருக்கும் நீலாம்பாளின் வணக்கம்.

சாதிக் பாட்சாவுக்குப் பாராட்டு விழா, வாழ்த்திப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். வாழ்த்த வாய் வரவில்லை, வயிறு எரிகிறது! பாராட்டுப் பத்திரம் வாசிக்க நான் வரவில்லை. ஒரு மனிதர்மேல் பூசிய பழியைத் துடைக்க வந்திருக்கிறேன்.

யார் இந்தச் சாதிக் பாட்சா? தன்லியினில் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டியவர். அங்கே வேலை பார்த்த ஜப்பானியப் பொறியாளர்கள் ஞாயிறுதோறும் பேஸ்பால் ஆடுவார்கள். ஒரு நாள் ஆள் குறைந்தது; கிரேன்காரரைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். சும்மா நிற்கப் போனவர், அந்த ஆட்டத்திலேயே வாழ்நாளெல்லாம் நின்றுவிட்டார்!

பிறகு இந்தக் கல்லூரிக்கு வந்து, "பிள்ளைகளுக்குப் பேஸ்பால் சொல்லித் தரேன்" என்றார். "அது எந்த ஊர்ப் பலகாரம்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். சிரியுங்கள், சிரியுங்கள்... நானும் அன்று சிரித்தவள்தான். ஒன்பது பேர் ஆடும் ஆட்டத்துக்கு முதல் வருடம் வந்தவர்கள் ஏழு பேர். மாலையில் மைதானம் கால்பந்துக்காரர்களுக்கு. ஆகவே விடியற்காலையில் பயிற்சி. மழைக்காலத்தில் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, வாளியால் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டுப் பயிற்சி. கிழிந்த கையுறைகளைத் தாமே தைத்தார். பிள்ளைகள் "சயா, சயா" என்று, வாத்தியாரே வாத்தியாரே என்று, சுற்றி வந்தார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, பத்தொன்பது ஆண்டுகள்!

பத்தொன்பதாம் ஆண்டில், சென்ற வருடம், அணி முதன்முறையாக இறுதிப் போட்டிக்கு வந்தது. பந்து எறிந்தவன் என் மகன் அய்யாசாமி. எட்டாவது சுற்று. இரண்டு ஓட்டம் முன்னிலை. இன்னும் ஆறு பேரை வீழ்த்தினால் கோப்பை! அப்போது சயா எழுந்து மைதானத்துக்குள் நடந்தார்.

"கை எப்டிடா இருக்கு?"

"யா பா தே, சயா." ஒன்றுமில்லை என்கிறான் என் பிள்ளை.

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"வலிக்குது, சயா. ஆனா இன்னும் ஆறு பேருதான்."

"ஆறு பேரு போயிடுவான். கை உங்கூடத்தான் இருக்கணும். பந்தக் குடு."

வாங்கிவிட்டார்! வேறொருவனை இறக்கினார். ஒரே ஒரு ஓட்டத்தில் தோற்றோம். பார்வையாளர் வரிசையிலிருந்து நான் எழுந்து கத்தினேன்: "எம்புள்ள பேரு பேப்பர்ல வர்றது உங்களுக்குப் பொறுக்கலியா?" அவர் திரும்பிப் பார்த்தார்.

மூன்றாம் நாள் கல்லூரி அவருக்குக் கடிதம் கொடுத்தது. "வெற்றி வேட்கை இல்லாதவர்" என்று எழுதி, வேலையைவிட்டு நீக்கியது. பத்தொன்பது ஆண்டு உழைப்புக்கு மூன்றே சொல்!

ஒரு மாதம் கழித்து, மகனுடைய சான்றிதழ்களை வாங்க அலுவலகத்துக்குப் போனேன். கோப்பின் தாள்களைப் புரட்டினால் உள்ளே ஒரு மருத்துவர் கடிதம். போட்டிக்கு முன் கல்லூரியே நடத்திய பரிசோதனையின் முடிவு. "தோள் தசைநாரில் கிழிசல். ஆறு வாரம் பந்து எறியக் கூடாது." அதன்மேல் அலுவலக முத்திரை. தேதி? இறுதிப் போட்டிக்கு ஒன்பது நாள் முன்பு!

கடிதத்தை அதிகாரியின் மேசையில் வைத்தேன். "இத ஏன் சயாகிட்ட குடுக்கல?" என்று கேட்டேன். அதிகாரி சொன்ன பதிலைக் கேளுங்கள், தாய்மார்களே! "குடுத்தா அவரு ஆட விட்டிருக்க மாட்டாரே, டோ நீலாம்பாள்." பெயருக்கு முன் மரியாதைக்கு ஒரு "டோ" வேறு!

என்ன சார், எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். நான் பெயர் சொல்லவில்லையே!

கடிதம் பார்த்தவர்கள் என் பிள்ளையை ஆட விட்டார்கள். கடிதம் பாராதவர், கண்ணால் பார்த்துக் காப்பாற்றினார். யார் உள்ளே இருக்க வேண்டியவர்? யார் வெளியே போக வேண்டியவர்? இன்னும் ஆறு பேருக்கு எறிந்திருந்தால் தோளே விட்டுப்போயிருக்கும் என்றார் மருத்துவர். ஆறு மாதச் சிகிச்சை. பழைய வேகம் வரவில்லை, வரவும் வராது. ஆனால் அதோ, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிவிட்டுக் கதவோரம் நிற்கிறான். அந்தக் கை இருக்கிறது!

சயா, அத்தனை பேர் நடுவில் உங்களைப் பழித்தவள் நான். அத்தனை பேர் நடுவில் கேட்கிறேன், என்னை மன்னித்துவிடுங்கள்.

"உக்காருங்கம்மா" என்று கைகாட்டுகிறார். உட்கார மாட்டேன், சயா! மேடை ஏறும் முன் இவர் என் காதில் என்ன சொன்னார் தெரியுமா? "என்னப் பத்திப் பேசாதீங்கம்மா. இப்ப பந்து எறியுற மாவ்பி ஊருப் பையன் வாரத்துக்கு மூணு ஆட்டம் ஆடுறான். அவன் கையப் பத்திக் கேளுங்க."

மாவ்பிச் சந்தையில் காய்கறி விற்கும் சுப்பம்மாள் எங்கே? எழுந்திருங்கள், அக்கா. உங்கள் மகனுக்குப் போன வாரம் பரிசோதனை நடந்ததே, காகிதம் ஏதாவது உங்கள் கைக்கு வந்ததா? இல்லையா? "பரிசோதனை நடந்ததே தெரியாது" என்கிறார்! கேட்டீர்களா, நிர்வாகிகளே? காது கேட்டதா?

இவருக்குக் கொடுக்கக் கொண்டுவந்த கேடயத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நாளை காலை ஒன்பது மணிக்கு உங்கள் அலுவலக வாசலில் நாங்கள் நிற்போம். ஆடும் பிள்ளைகளின் தாய்மார் ஒவ்வொருவரும், தம் பிள்ளையின் காகிதத்தைத் தம் கையில் வாங்காமல் திரும்ப மாட்டோம். அதுவரை ஒரு பிள்ளையும் மைதானத்தில் இறங்க மாட்டான்! வருகிறவர்கள் எழுந்து நில்லுங்கள், பார்க்கிறேன்... சுப்பம்மாள் அக்கா முதலிலேயே நிற்கிறார்... அதோ இரண்டு பேர்... பின்னால் நான்கு... சரி, எண்ணுவதை விட்டேன். மண்டபமே நிற்கிறது!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. ஒலிபெருக்கியை அணைக்காமல் விட்ட தலைவருக்கு இரட்டை நன்றி. வணக்கம். என் செல்லப் பிள்ளைகளுக்குப் பர்மிய மொழியிலும் ஒரு வணக்கம்: மிங்கலாபா.