அப்பாவுக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை

அட, அதெல்லாம் கிடக்கட்டும்... நான் பாட்டுக்குத் தத்துவம் பேசிக்கிட்டே போனா நீங்க வாசப்பக்கம் பாக்க ஆரம்பிச்சுடுவீங்க. சின்னதா ஒரு கதை சொல்லிடறேன். கதைன்னு பேருதான்... நானே கூட இருந்து பாத்தது.

என் வீட்டுக்காரம்மா வசந்தகோகிலம், சங்கரன்கோவில் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துல பிளஸ் ஒன்னுக்கு இங்கிலீஷ் டீச்சர். பள்ளிக்கூடத்துல அவங்க பேசுவாங்க, பிள்ளைங்க கேக்கும். வீட்டுலயும் அவங்கதான் பேசுவாங்க, நான் கேப்பேன். (என்னய்யா சிரிக்கிறீங்க? உங்க வீட்டுல மட்டும் என்னவாம்?)

ஒருநாள் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தவங்க தலையில அடிச்சுக்கிட்டாங்க. பாடத்துல வர்ற கதாநாயகன் எப்படிப்பட்டவன்னு கேள்வி. 'ஹீ இஸ் கைண்ட், ஹானஸ்ட் அண்ட் ஹெல்ப்ஃபுல்'னு பதில். சரி... அடுத்த கேள்வியில ஒரு திருடன். அவனும் கைண்ட், ஹானஸ்ட், ஹெல்ப்ஃபுல்! ஏம்மா, திருடனாம்மா ஹானஸ்ட்? அதுக்கடுத்த கேள்வியில ஒரு நாய். அதுவும் ஹானஸ்ட்! கைடுல இருக்கிறதை ஒரு தடவை மனப்பாடம் பண்ணிட்டா, பேரை மட்டும் மாத்தி எல்லாருக்கும் போட்டுடலாமாம். நாற்பது பிள்ளைங்களும் அப்படித்தான் எழுதியிருக்கு.

டீச்சருக்குக் கோவம் வந்திடுச்சு. மறுநாளே போய் சட்டம் போட்டாங்க. "உங்க வீட்டுல ஒரு ஆளைப் பத்தி எழுதிட்டு வாங்க. கைண்டு, ஹானஸ்ட்டு, குட்டு... மூணும் கூடாது. டிக்‌ஷனரியைப் பாத்துப் புது வார்த்தை போடணும். ஒவ்வொரு வார்த்தைக்கும் நீங்க கண்ணால பாத்த மூணு சாட்சி எழுதணும். சாட்சி இல்லையா... வார்த்தையை அடிச்சுடணும்!"

அந்த வகுப்புல செண்பகப்பிரியான்னு ஒரு பொண்ணு. இங்கிலீஷ் பேச்சுப் போட்டியில மாவட்டத்துலயே முதல் பரிசு வாங்கினவ. அடுத்த போட்டி சென்னையில. ரெண்டு நாள் தங்கணும். அப்பா கையெழுத்துப் போட்டாத்தான் போக முடியும். அப்பா கருத்தப்பாண்டி லோடு ஆட்டோ ஓட்டுறவர். "பொட்டப்பிள்ளைக்குச் சென்னையில என்ன சோலி? போகக்கூடாதுன்னா கூடாது!" ஒரே சத்தம். பிள்ளை அழுதுச்சு, சாப்பிடாம கிடந்துச்சு. மனுஷன் அசையல.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். கையெழுத்துக்கு அன்னைக்குச் சாயங்காலம்தான் கடைசி. பேப்பர் கட்டைத் தூக்கிக்கிட்டு டீச்சர் பின்னாடி போனது யாரு? நான்தான்!

கருத்தப்பாண்டி மகளோட வந்தார். தன்னைப் பத்தி மக எழுதின பேப்பரைக் கையில வாங்கிப் பாத்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா அடிச்சிருந்தது தெரியுமில்ல?

"இதென்ன டீச்சர், மொத வார்த்தையையே அடிச்சு வச்சிருக்கா?"

டீச்சர் வாயைத் திறக்கறதுக்குள்ள பொண்ணே சொல்லிடுச்சு. "அது க்ரூயல்ப்பா. கொடுமைக்காரர்னு அர்த்தம். சென்னைக்கு விடமாட்டேன்னு நீங்க கத்தின அன்னைக்குக் கோவத்துல எழுதினேன். அது ஒண்ணுதான் சாட்சி. இன்னும் ரெண்டு வேணுமே... நாலு நாள் யோசிச்சேன்ப்பா. கிடைக்கல. அடிச்சிட்டேன்."

மனுஷன் அடிச்ச வார்த்தைக்குக் கீழ விரலை வச்சார்.

"அடுத்தாப்புல என்ன எழுதிருக்கு?"

டீச்சர் சொன்னாங்க, "ஸ்டபர்ன். பிடிவாதக்காரர்."

"சாட்சி இருக்கா?"

"மூணு கேட்டேன். ஏழு எழுதியிருக்கா."

அவரே சிரிச்சிட்டார்! "சரி, அதுக்குக் கீழ?"

"ஆங்ஷியஸ். இதுக்கு டிக்‌ஷனரியில ரொம்ப நேரம் தேடியிருக்கா. என்ன ஆகுமோன்னு மனசு கிடந்து பதறிக்கிட்டே இருக்கிறதுக்கு அந்த வார்த்தை."

"பதட்டமா? எனக்கா? நான் சத்தம்லா போட்டேன்!"

டீச்சர் மூணு சாட்சியில ஒண்ணைத் தமிழ்ல படிச்சாங்க. 'ஸ்பெஷல் கிளாஸ் முடிய நேரமானா, எதிர்த்தாப்புல டீக்கடை ஓரமா அப்பா வண்டி நிக்கும். கூப்பிட மாட்டார். நான் பஸ்ல ஏறினதும் எங்க ஊருக்குத் திரும்புற விலக்கு வரைக்கும் பஸ் பின்னாடியே வருவார். வீட்டுக்கு வந்து, ஒண்ணும் தெரியாத மாதிரி, ஏன் லேட்டுன்னு சத்தம் போடுவார்.'

கருத்தப்பாண்டி மகளைப் பாத்தார்.

"ஏட்டி... ஒனக்குத் தெரியுமா?"

"மூணு மாசமா தெரியும்ப்பா."

ஐயா... அந்த மனுஷன் கண்ணு கலங்கிடுச்சு. எனக்கும்தான். பொய் சொல்லுவானேன்? டீச்சர் பேனாவை நீட்டினாங்க. வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போட்டுட்டு, மெதுவா கேக்குறார்.

"டீச்சர்... நானும் அதே ரயில்ல வரலாமா? தொந்தரவு பண்ண மாட்டேன். பின்னாடி ஏதாவது பெட்டியில ஏறிக்கிடுதேன்."

அந்தப் பிள்ளை சொல்லுச்சு, "பின்னாடி வேண்டாம்ப்பா. எம்பக்கத்துல உக்காந்து வாங்க."

போட்டியில என்ன பரிசுன்னு கேக்கறீங்களா? மூணாம் பரிசு. அதுவா முக்கியம்?

இப்ப உங்களைக் கேக்கறேன். மாமியாருக்கு ஒரு வார்த்தை வச்சிருக்கோம். மருமகளுக்கு ஒண்ணு வச்சிருக்கோம். பேசாம இருக்கிற பிள்ளைக்குத் 'திமிரு'ன்னு வச்சிருக்கோம். அதட்டுற அப்பனுக்குக் 'கொடுமைக்காரன்'னு வச்சிருக்கோம். ஒருநாள் கோவத்துல வச்ச வார்த்தை... பத்து வருஷமா அதையேதானே சொல்லிக்கிட்டு இருக்கோம்? என்னைக்காவது சாட்சி கேட்டோமா?

நமக்கு வார்த்தை பத்தல, சாமி! ஒரு ஆளைப் புரிஞ்சுக்க ஒரு வார்த்தை எப்படிப் பத்தும்? அந்தப் பிள்ளை இன்னொரு வார்த்தை தேடுச்சு... அப்பன் கிடைச்சான். நீங்களும் இன்னைக்கு வீட்டுக்குப் போய், ரொம்ப நாளா பேசாம இருக்கிற ஒரு ஆளுக்கு இன்னொரு வார்த்தை தேடிப் பாருங்க.