ஹசீனா வைத்திருந்த தனி ஷெல்

என் பெயர் ரோசம்மாள், வயது 39, க/பெ சவுரியப்பன். கடத்தூர், கோவில் தெருவில் குடியிருந்து வருகிறேன். சித்தேரி மலைக் கிராமங்களில் காசநோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் தனியார் தொண்டு சங்கத்தில் பதிவுக் கண்காணிப்பாளராக இருக்கிறேன். இன்று 21-8-1989 காலை யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகத்துக்குச் சென்ற ஆண்டு யூனிக்ஸ் கம்ப்யூட்டர் வந்தது. தர்மபுரி நூர் பாஷா மகள் ஹசீனா, வயது 26, அதைப் பராமரித்து வந்தார். நாம் தட்டும் கட்டளையை வாங்கி இயந்திரத்துக்குச் சொல்லும் புரோகிராமை ஷெல் என்பார்கள். வழக்கமான ஷெல் சிறியது, ஆனால் எல்லா புரோகிராம்களுக்கும் பொதுவான ஒரு கோப்பு இல்லாமல் அது ஓடாது. ஹசீனா இன்னொரு ஷெல் செய்து வைக்க என்னிடம் அனுமதி கேட்டார். "இது பெருசுங்க அக்கா, எடம் புடிக்கும். ஆனா வேண்டியதெல்லாம் உள்ளயே இருக்குது. மத்தது எல்லாம் நின்னாலும் இது ஓடும்" என்றார். டிஸ்க்கில் இடம் குறைவு என்று முதலில் மறுத்தேன். அதன் பிறகு, அந்த ஷெல்லும் அதே முறையில் செய்த இரண்டு மூன்று கட்டளைகளும் மட்டும் இருக்கட்டும் என்று வாய்மொழியாகச் சம்மதித்தேன். எழுதித் தரவில்லை.

16-8-1989 புதன்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு டிஸ்க் நிறைந்துவிட்டதாகத் திரையில் வந்தது. ஹசீனா சாப்பிடப் போயிருந்தார். நான் முதன்மைத் திரையில் உட்கார்ந்து, பழைய கோப்பு என்று நினைத்து அந்தப் பொதுக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டேன். உடனே எந்தக் கட்டளையும் ஓடவில்லை. பயந்துபோய் இயந்திரத்தை அணைத்து மறுபடி போட்டேன், அது பாதியில் நின்றுவிட்டது. மறுநாள் மருந்து வண்டி மலைக்குப் போக வேண்டும். 611 பேருடைய மருந்துப் பட்டியல் அதற்குள் இருந்தது. கடைசியாக நகல் எடுத்து வைத்த டேப் ஒரு மாதம் பழையது, புதிதாகச் சேர்ந்த 43 பேர் அதில் கிடையாது.

அதன் பிறகு ஹசீனா வந்து, "அக்கா, எதாச்சும் பேர் மாத்துனீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன்.

அவர் மறுபடி இயந்திரத்தைப் போட்டார். எந்த ஷெல் வேண்டும் என்று அது கேட்டபோது வழக்கமானது எழவில்லை. தன் ஷெல்லின் பெயரைத் தட்டினார், கட்டளை வாங்கத் தயார் என்று காட்டும் குறி வந்தது. கோப்புகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், நான் மாற்றிய பெயரில் நின்றார். என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு ஷெல்லோடு தனியாகச் செய்து வைத்திருந்த கட்டளையால் பழைய பெயரைத் திரும்ப வைத்தார். நாலு மணிக்குப் பட்டியல் அச்சாகியது, வியாழன் காலை வண்டி போனது.

வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து வந்த கம்ப்யூட்டர் கம்பெனி இன்ஜினியர், இயந்திரத்தோடு வந்த புரோகிராம்களின் பட்டியலில் இல்லாத பெரிய புரோகிராம் ஒன்று இருப்பதாக எழுதிக் கொடுத்தார். அதைக் கொண்டு, இயந்திரத்தைக் கெடுக்க ஹசீனா திருட்டு புரோகிராம் வைத்தார் என்று சங்கச் செயலாளர் பச்சியப்பன் இந்த நிலையத்தில் புகார் கொடுத்து அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். இயந்திரம் நின்றது யாரால் என்று செயலாளர் எல்லோர் முன்னாலும் கேட்டபோது ஹசீனா, "எனக்குத் தெரியலைங்க" என்றார். நானும் அங்கேதான் இருந்தேன்.

நேற்று செயலாளர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். "நீங்களா சொல்லாத வரைக்கும் யாருக்கும் தெரியாதும்மா. வூட்டுக்குப் போங்க" என்றார். அதனால்தான் இங்கு வந்தேன்.

நான் சொன்னபடி எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஹசீனா மேல் எந்தக் குற்றமும் இல்லை என்ற வாக்கியம் விடுபட்டிருந்தது. கேட்டு அதை இங்கே சேர்க்க வைத்தேன். இதில் உள்ளது முழுவதும் உண்மை.

(ஒப்பம்) ச. ரோசம்மாள்