அமாவாசை வெள்ளியில் பூட்டியிருந்த கதவு

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் நெசவாளர் சங்கத்துப் பெரியவர் சிட்டிபாபு அவர்களே! என்ன பேசப் போகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் என்னை மேடையேற்றிவிட்ட என் மேலதிகாரி, மாவட்ட அலுவலர் அவர்களே! ஊர் வாழ உழைக்கும் சான்றோர்களே! தறிக்குழியில் மரத்துப்போன காலை உதறிக்கொண்டு வந்து, முன்வரிசையை நிறைத்திருக்கும் என் தாய்மார்களே! ஏனாத்தூர்ப் பேருந்தைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்று நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளே! உங்கள் அனைவரையும் இந்தக் கிளை நூலகத்தின் நூலகன் சிவராஜ் சிரம் தாழ்த்தி வணங்குகிறேன்.

நம் நூலகத்தில் கணினி அறை திறந்து இன்றோடு இரண்டு ஆண்டுகள். பத்துக் கணினிகள், பாடக் காணொளிகள், படிக்கத் தீராத மின்னூல்கள். பெருமை பேசத்தான் என்னை அழைத்தார்கள். நானோ ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். ஐயா, கை தட்டாதீர்கள். முழுவதும் கேட்டுவிட்டுத் தோன்றினால் தட்டுங்கள்.

மூன்றாவது வரிசையில் நீலப் புடவையில் அமர்ந்திருக்கிறாரே புவனேஸ்வரி, அவர் அனுமதி பெற்றே சொல்கிறேன். வயது முப்பத்தாறு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கணினியில் பட்டுப்புடவைக்கு டிசைன் வரையும் படிப்பு ஒன்று இருக்கிறது. அதில் சேரப் பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். இந்த வயதில் எதற்கம்மா என்று கேட்டேன். என்ன சொன்னார் தெரியுமா?

"இருபது வருசமா அடுத்தவங்க போட்ட டிசைனையே நெய்துகினு இருக்கேன் சார். என் மனசுல ஒரு டிசைன் இருக்குது. அத நானே போட்டு, நானே நெய்யணும்."

இதைவிடப் பெரிய காரணம் எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது?

ஆனால் அவர் நூலகத்துக்கு எப்போது வருவார்? வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அவர் வீட்டில் ஓடுவது கோர்வைத் தறி. ஊடை நூலை ஓட்டும் நாடா அதில் மூன்று: புடவையின் உடலுக்கு ஒன்று, இரு கரைக்கு இரண்டு. இருவர் சேர்ந்து உட்கார்ந்தால்தான் ஓடும். ஒருவர் எழுந்தால் மற்றவர் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இவரும் இவர் நாத்தனாரும் உட்கார்ந்தால், எழுவதற்குள் நான் நூலகத்தைப் பூட்டியிருப்பேன். தறி முழுநாளும் ஓய்வது அமாவாசை அன்று மட்டுமே.

நம் அரசுப்பள்ளி ஆசிரியை காயத்ரி என்ன செய்தார்? வர முடியாதவரைத் தேடிப் பாடம் போகட்டும் என்றார். பாடங்களைத் தம் குரலில் பதிந்து இவர் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தார். முதல் பதிவு தறிச் சத்தத்தில் காதிலேயே விழவில்லை! "டீச்சர், நீங்க பேசறது கொசு பாடற மாதிரி இருக்குதும்மா" என்றாராம் நாத்தனார். சிரியுங்கள், சிரியுங்கள், டீச்சரே சிரிக்கிறார். பிறகு டீச்சர் இவர் தறி அருகிலேயே அமர்ந்து, உரக்கப் பேசி, மறுபடி பதிந்தார். கையும் காலும் நெய்ய, காது படித்தது. கேட்டுக் கேட்டு நாத்தனாருக்கும் பாதி அறிவியல் வந்துவிட்டது.

சென்ற ஆண்டு, திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தேர்வெழுத, இணையத்தில் பதிய வேண்டியிருந்தது. ஓர் அமாவாசையன்று காயத்ரி டீச்சர் உதவியோடு நூலகக் கணினியில் பாதி நிரப்பினார்கள். ஏற்றுவதற்குக் கொண்டுவந்த சான்றிதழ்களையும் புகைப்படத்தையும் கணினி அறையிலேயே வைத்தார்கள். நேரமாகிவிட்டது. "மிச்சத்த அடுத்த அமாவாசைக்கு வந்து முடிச்சிடலாம்மா" என்றேன். கடைசி நாளும் அதுதான். சொன்னவன் யார்? நான். தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த நான்.

அந்த அமாவாசை எந்தக் கிழமை என்று நான் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை, ஐயா! நூலகத்துக்கு வார விடுமுறை. அவர் காலை ஒன்பது மணிக்கு வந்து படியில் உட்கார்ந்தார். நான் திருப்பருத்திக்குன்றத்தில் ஓர் அம்மன் கோயில் அன்னதானப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் வகுப்பில், கைப்பேசி அணைந்திருந்தது. என் கைப்பேசி அடித்தது. மேளச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

அங்கே ஒருவர் கேட்கிறார், கடையில் போய்ப் போட்டிருக்கலாமே என்று. போனார், தம்பி. எல்லாம் பூட்டிய அறைக்குள் இருந்தால் கடைக்காரர் என்ன செய்வார்? மாலை ஐந்து மணிக்குப் பதிவு முடிந்தது. ஓர் ஆண்டு போனது.

யார் குற்றம்? கணினியின் குற்றமா? பழுதில்லாமல் இருந்தது. இணையத்தின் குற்றமா? தடையில்லாமல் ஓடியது. கோடிப் பாடங்களை உள்ளே வைத்துவிட்டு, அதைத் தேடி வருகிறவர் எந்த நாளில் வருவார் என்று எண்ணாத என் குற்றம்! மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "வுடுங்க சார், அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று காபி கொடுத்தார்.

அன்பர்களே! அறிவை மின்னலில் ஏற்றி அனுப்பும் காலம் இது. ஆனால் அது வந்து இறங்க ஒரு வாசல் வேண்டும். வாசலைத் திறக்க ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதர் வருகிறவரின் நாளை அறிந்திருக்க வேண்டும். காயத்ரி டீச்சர் அறிந்தார். தறியருகே போய் அமர்ந்தார். நான் அறியவில்லை, அரசாணைக்குள் அமர்ந்திருந்தேன். அமாவாசைதோறும் நூலகம் திறக்க அனுமதி கேட்டு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

இந்த ஆண்டுப் பதிவு தொடங்கிவிட்டது. கடைசி நாளுக்குள் வருவது ஒரே ஓர் அமாவாசை. இம்முறை முதல் வேலையாகக் கிழமையைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை!

மாவட்ட அலுவலர் அவர்களே, தங்கள் முன்னிலையில் சொல்கிறேன். அன்று காலை எட்டு மணிக்கு நூலகம் திறந்திருக்கும். ஆணை வந்தால் ஆணைப்படி திறப்பேன். வராவிட்டால் விளக்கம் கேளுங்கள், தண்டனை கொடுங்கள், தலைவணங்கி ஏற்பேன். கதவை மட்டும் அடைக்க மாட்டேன்!

புவனேஸ்வரி அம்மா, வருவீர்களா?

என்னம்மா? மைக்கைக் கொடுங்கள் அவரிடம்.

"நான் மட்டும் இல்ல சார். எங்க தெருவுல இன்னும் நாலு பேரு பத்தாவது எழுதணும்னு இருக்காங்க. கூட்டிக்கினு வரட்டுமா?"

கூட்டி வாருங்கள், அம்மா. பத்துக் கணினி இருக்கிறது. இன்னும் ஐந்து காலியாகத்தான் இருக்கும். அதற்கும் ஆள் பாருங்கள்.

இப்போது தட்டுங்கள் ஐயா, அவருக்காக! பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், பொறுத்தருளிய அந்தத் தாய்க்கும் என் நன்றி. வெள்ளிக்கிழமை நூலகத்தில் சந்திப்போம். வணக்கம்.