கேள்விக்கு முன் நன்றியுரை

பிளேஸ்டோ போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெண், பக்கத்து சீட்டுக் கோட்டுக்காரரிடம் பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார்: “அண்ணை, உங்கட நன்றியுரையாலதான் என்ர பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில இடம் இல்லாமல் போச்சு.”

கோட்டுக்காரர் அந்தப் பள்ளிக்கூட நிர்வாகசபையில் பெற்றோரின் பிரதிநிதியாம்.

“பள்ளிக்கூடம் நகரசபைக் கவுன்சிலை விட்டுப் பிரிஞ்சிட்டுது தங்கச்சி. பிள்ளையளை இனி நாங்கள்தான் சேர்ப்பம்.”

“கவுன்சிலைக் கேட்டால், தங்கட கையில இல்லையாம். என்ர மூத்தவன் படிக்கிற பள்ளிக்கூடத்தில இளையவளுக்கு ஏன் இடமில்லையெண்டு பெற்றோர் கூட்டத்தில கேக்கத்தானே கையைத் தூக்கினனான்? அதுக்குள்ள நீங்கள் எழும்பி நன்றி சொல்லிப்போட்டியள்.”

“கூட்டமெண்டால் நன்றியுரை வேணுமெல்லே? எங்கட சங்கத்தில எப்பவும் நான்தான் சொல்லுறனான்.”

“ஓம், சொன்னியள். ஹெட்மாஸ்டருக்கு நல்ல புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. வெள்ளையள் கைதட்டிப்போட்டு வீட்டை போயிட்டினம். கேள்வி என்ர வாய்க்குள்ளயே கிடக்கு.”

கோட்டுக்காரர் எழும்பி, இறங்க மணியை அழுத்தினார். “அடுத்த வருசக் கூட்டத்தில கேளுங்கோவன்.”

“வாறன் அண்ணை. வரவேற்புரை நான்தான். அது முடிய விடிஞ்சிடும்.”