ரெண்டாவது தங்கம்

– அப்ப ரெண்டு தபாவும் வந்தவன் ஆள் இல்லன்னு எழுதிகினு போயிகீறான். நான் இந்த வூட்லதான் கீறேன் நைனா. இதே கட்டில்ல. எப்டி இல்லாம போவேன்?

– கம்ப்யூட்டரு தப்பா கிறுக்கியிருக்கும் கண்ணு. கரண்டு பில்லுல கூடத்தான் பேரு மாறி வருது. நீ டீய குடி, ஆறுது.

– கம்ப்யூட்டர் மூணு மாடி ஏறி வராது. ஒரு ஆளு வந்துகீறான். நம்ம பிளாக்காண்ட நின்னு யாரையோ கேட்டுகீறான். அந்த யாரோ ஒருத்தர், யசோதரா இங்க இல்லன்னு சொல்லிகீறாங்க. அது யாருன்னு எனக்கு தெரியணும்.

– அவன் இன்னாத்துக்கு திருடன் மாதிரி சொல்லாம கொள்ளாம வரணும்? ஒரு போன் அடிச்சுட்டு வர்றது. மனுஷன்னா அதான மரியாத?

– எத்தினி தபா சொல்றது ஒனக்கு? சொல்லிட்டு வந்தா, பலத்துக்கு மருந்து போட்டவ உஷாராயிடுவா. அதுக்குத்தான் தெனம் காலைல ஒரு மணி நேரம் இந்த வூட்டுலதான் இருப்பேன்னு எழுதி குடுத்துகீறேன். அந்த நேரத்துல எப்ப வேணாலும் வருவாங்க, ஒண்ணுக்கு புடிச்சுகினு போயி டெஸ்ட் பண்ணுவாங்க. மூணு தபா வந்து நான் இல்லன்னு ஆச்சுன்னா, ரெண்டு வருஷம் எந்த கிரவுண்டுலயும் கால வெக்க முடியாது. ரெண்டு தபா ஆயிப்போச்சு. நேத்துதான் கேம்ப் சார் சொன்னாரு. இன்னும் ஒண்ணு ஆச்சுன்னா ஜப்பான் போச்சு.

– ஜப்பான் எங்க போவும்? முக்குல பேனரே கட்டிட்டானுங்க. ஏசியாவுல மூணாவது தபாவும் எங்க யசோ அக்காவேன்னு. எறியற இரும்பு குண்ட கழுத்தாண்ட வெச்சுகினு நீ மொறைக்கிற போட்டா. எம்மாம் பெருசு தெரியுமா?

– தெரியும். அந்த பக்கமா போவாம சுத்திகினுதான் வந்தேன். நேரா சொல்லு நைனா, ஜன்னத் அக்கா ஏதாச்சும் ஒன்னாண்ட சொன்னாங்களா?

– கீழ் வூட்டு ஜன்னத்தா? அது இன்னாத்த சொல்லும்?

– காலைல கேட்டாண்ட இட்லிப் பானைய வெச்சுகினு குந்தியிருக்கறது அவங்க ஒருத்தங்கதான். எவன் வந்தாலும் அவங்களத்தான் கேப்பான். அவங்க பொண்ணு நவ்ரீனும் என்கூட குண்டு போட்டவதான. செலக்சன்ல என்னாண்ட தோத்துட்டு வூட்டோட நின்னுட்டா. அந்த எரிச்சல் ஆத்தாளுக்கு இல்லாம போவுமா?

– ச்சீ, அப்டி பேசாத. நீ மொத தங்கம் வாங்கினு வந்தப்ப பிளாக்குக்கே பிரியாணி போட்ட மனுஷி அது.

– மொத தங்கத்துக்கு போட்டாங்க. ரெண்டாவதுக்கு?

– ரெண்டாவதுக்கு... அப்ப அதுக்கு கால் வலி.

– ஒரு வலியும் இல்ல. மொத தபா மேளம் இன்னா, மாலை இன்னா, தஹ்சீன் பாய் டீக்கடைல அல்லாருக்கும் ஓசி டீ இன்னா. ரெண்டாவது தபா அதே தங்கத்த வாங்கினு வந்து ஆட்டோலருந்து எறங்குறேன். அல்லாரும் சிரிக்கிறாங்க. ஆனா கண்ணு பூரா என் தோள் மேல, என் மோவாய் மேல. மீச மொளைச்சுகீதான்னு பாக்குறாங்க நைனா. எனக்கு தெரியாதா?

– சனங்க வாய்க்கு வேற வேல இல்ல.

– வாய தொறக்கலயே எவனும். தொறந்தா பதில் சொல்லியிருப்பேனே.

– அத்த வுடு. போன ஏன் ஆஃப் பண்ணி வெச்சுகீற? ஒங்கம்மா மார்க்கெட்லருந்து ஒனக்கு அடிச்சு அடிச்சு பாத்துட்டு என் போனுக்கு வந்தா.

– சார்ஜ் இல்ல. பேச்ச மாத்தாத. நான் கீழ போறேன். இன்னைக்கு ஜன்னத் அக்காவ ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டுதான் மறுவேல.

– குந்து யசோ.

– கைய வுடு நைனா.

– குந்துன்றேன்ல. அந்தம்மா மேல பழி போடாத, பாவம். அது ஒண்ணும் சொல்லல.

– அது சொல்லலன்னு ஒனக்கு எப்டி தெரியும்?

– தெரியும்.

– அப்ப யாரு சொன்னதுன்னும் தெரியும். தரைய பாக்காத, என்னை பாத்து சொல்லு.

– நான்தான் சொன்னேன்.

– நீயா?

– அக்காங். நான்தான்.

– இன்னான்னு சொன்ன?

– நீ தூங்கச்சொல்ல மொதல்ல வந்தவனாண்ட, கீழ படிக்கட்டாண்டயே நின்னு, புழலுக்கு போயிகீறான்னு சொன்னேன்.

– புழலா? நம்ம ஏரியாவுல ஒருத்தர் புழலுக்கு போயிகீறாருன்னா எங்கன்னு அர்த்தம்? நான் ஜெயிலுக்கு போயிட்டேன்னு எழுதிகினு போயிருப்பான்.

– அவன் வெளியூர்க்காரன் கண்ணு. ஏரின்னு நெனைச்சிருப்பான்.

– ரெண்டாவது வந்தவனாண்ட?

– அந்த பேருல இங்க யாருமே இல்லன்னேன்.

– முக்குல என் பேனர் தொங்குது. அதுக்கு கீழ நடந்துதான வந்திருப்பான்.

– அவனும் அதத்தான் கேட்டான். அது வேற யசோதரான்னுட்டேன்.

– சரி. போலீசுன்னு நெனைச்சியா? இல்ல லோன் வசூல் பண்றவன்னு நெனைச்சியா? நம்ம பிளாக்ல எவனாச்சும் சட்டைய இன் பண்ணிகினு வந்து முழுப்பேர சொல்லி கேட்டா, அல்லாரும் இல்லன்னுதான் சொல்வாங்க. நானே சொல்லிகீறேன். அப்டித்தான் சொல்லிட்டேன்னு சொல்லு, வுட்டுடறேன். சாரைக் கூப்ட்டு பேசிக்கறேன்.

– அப்டி சொல்லிடலாம். ஆனா பொய்யாப்பூடும்.

– அப்ப தெரிஞ்சேதான் தொரத்துனியா?

– தெரியும். கழுத்துல கார்டு தொங்குச்சு. கூட ஒரு பொம்பள, கைல பொட்டி. போன வருஷம் இதே மாதிரி ஒரு பொம்பள வந்து, நீ பாத்ரூம் போனப்ப கூடவே வந்து நின்னாளே, பாத்துகீறேன்ல.

– தெரிஞ்சே என் சோத்துல மண்ண போட்டுகீற.

– ஒன் மெடல காப்பாத்தத்தான் பாத்தேன்.

– யாராண்டருந்து?

– ஒன்னாண்டருந்துதான் யசோ.

– நேரா சொல்லு.

– நீ ரெண்டாவது போட்டிக்கு கெளம்பறதுக்கு முன்னாடி, பரண்ல பழைய பக்கெட்டுக்குள்ள ஊசி பாத்தேன். சின்ன சின்ன ஊசி, ஒரு டப்பா. துணியில சுத்தி வெச்சிருந்துச்சு. இந்த வூட்ல வேற யாரு ஊசி போடுறா? நானா? ஆள் இல்லன்னா ரெண்டு வருஷம்தான் போவும், நீயே சொல்லிகீற. மாட்டிகினா? வாங்குன ரெண்டு தங்கமும் திருட்டு தங்கம்னு டிவில போடுவான். அதுக்கு இது தேவலன்னு கணக்கு போட்டேன்.

– அன்னைக்கே என்னை கேட்டிருக்கலாம்ல?

– கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா நான் இன்னா பண்ணுவேன்? தோ பாரு, மொத தங்கம் வாங்குனப்ப நான் நம்புனேன். மெய்யாலுமே நம்புனேன். சாத்தாங்காட்டுல இரும்பு தூக்குனவன் பொண்ணு, பலம் ரத்தத்துலயே கீதுன்னு மார்க்கெட்டு பூரா சொல்லிகினு திரிஞ்சேன். ரெண்டாவது வந்துச்சு பாரு, அப்பதான் மனசு பேஜாராச்சு. நம்மள மாதிரி சனத்துக்கு ஒரு தபா அடிக்கும் கண்ணு. லோடுமேன் பொன்ராஜுக்கு அடிச்சுது, சொந்தமா லாரி வாங்கினான். மறு வருஷமே லாரி போச்சு, திரும்பவும் என் பக்கத்துல நின்னு கம்பி தூக்கினான். ரெண்டு தபா எவனுக்கு அடிச்சுகீது நம்ம தெருவுல? நீ சொல்லு, ஒருத்தன காட்டு.

– ஒருத்தனும் இல்லன்னா நான் திருடியிருக்கணும்.

– அப்டி சொல்லல.

– அப்டித்தான் சொல்ற. அந்த ஊசி அம்மாவோடது.

– இன்னாது?

– அம்மாவுக்கு சக்கரை. மாத்திரைல அடங்கல, ஊசி போட்டுகினுகீது. ஒனக்கு தெரிஞ்சா மீன் விக்க போவ வுட மாட்டேன்னு என்னாண்ட சத்தியம் வாங்கிகினு மறைச்சுது. போயி ஃப்ரிட்ஜ தொறந்து பாரு, புளி டப்பாவுக்கு பின்னால மருந்து பாட்டில் கீது. ஊசி போட்டு போட்டு அதோட வயிறெல்லாம் புள்ளி புள்ளியா கீது.

– அம்முவுக்கா? நான் அவ பக்கத்துலயே படுக்கறேனே.

– படுத்தா போதுமா?

– அந்த பாட்டில கொண்டா. இல்ல, வோணாம், நானே பாக்குறேன்... அய்யோ, தோ கீதே. பேரு போட்டுகீதே. அம்மு கிருஷ்ணப்பன்னு சீட்டு ஒட்டிகீதே. தெனம் இந்த புளி டப்பாவதான நான் எடுக்குறேன்.

– பாத்தியா?

– பாவி நானு. பெத்த பொண்ண போயி... அன்னையிலருந்து ஒன் மூஞ்சிய பாத்து சோறு துன்ன முடியல யசோ. டிவில ஒன்ன காட்டுனா எழுந்து வெளிய போயிடுவேன். பீடி பத்த வெக்கிற மாதிரி.

– தெரியும்.

– தெரியுமா?

– மொத மெடல கழுத்துல போட்டுகினே தூங்குன ஆளு நீ. ரெண்டாவத போட்டுவுட்டேன், ஒடனே கழட்டி அம்மா கைல குடுத்துட்ட. சுடுற மாதிரி கழட்டுன. அன்னைக்கே தெரியும். ஏன்னுதான் தெரியல. அப்பால கேம்ப்ல ஒவ்வொரு நாளும் குண்ட எடுக்கச்சொல்ல அதுதான் ஞாபகம் வரும். எம்மாம் தூரம் போட்டு இன்னா, நைனாவே நம்பலன்னு.

– என்னை செருப்பால அடி.

– அடிச்சு இன்னா ஆவப்போவுது? இத்த சொல்லு. இன்னைக்கு காலைல நான் குளிக்கச்சொல்ல யாராச்சும் வந்தாங்களா?

– வந்தாங்க. ரெண்டு பேரு.

– இன்னா சொன்ன?

– எண்ணூர்ல சொந்தக்காரங்க வூட்டுக்கு போயிட்டான்னேன். ஆனா போவல கண்ணு, அவங்க போவல. தோ, ஜன்னலாண்ட வா. தஹ்சீன் பாய் கடை பெஞ்சுல குந்திகினு நம்ம படிக்கட்டையே பாத்துகினுகீறாங்க. ஒன் ஒரு மணி நேரம் முடியற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டாங்க போல.

– ஜன்னல மூடு.

– இன்னாத்துக்கு மூடணும்? இன்னும் நேரம் கீது. நான் போயி கால்ல வுழுந்தாச்சும் இட்டாறேன். கெய்வன் ஒளறிட்டேன், மன்னிச்சுக்கோங்கன்னு சொல்றேன். என் சட்ட எங்க?

– பொறு நைனா. தலைய சுத்துது.

– சுத்தாம இன்னா பண்ணும், நான் பண்ண வேலைக்கு. தண்ணிய குடி. கோவத்தையெல்லாம் அப்பால வெச்சுக்கோ, நாள் பூரா திட்டு, வாங்கிக்கறேன். இப்ப அவங்க வந்து புடிச்சுகினு போவட்டும். ஒண்ணும் இல்லன்னு அவங்க வாயால சொல்லட்டும். அத்த நான் சாத்தாங்காடு பூரா நின்னு சொல்றேன். நம்ம தெருவுக்கும் ரெண்டு தபா அடிக்கும்டா, மூணு தபாவும் அடிக்கும்டான்னு சொல்றேன்.

– எனக்கு தோள்பட்ட போயி ரொம்ப நாளாச்சு நைனா. தலை வார கூட கை தூக்க முடியல. யாராண்டயும் சொல்லல.

– சரியாப்பூடும். ஜப்பான்ல இல்லாத டாக்டரா? ஒங்கம்மா ஒண்ண மறைக்கிறா, நீ ஒண்ண மறைக்கிற. இனிமே இந்த வூட்ல ஒளிவு மறைவே வோணாம். தோ, தாப்பாள தொறந்துட்டேன். கேளு யசோ, நான் ஒன்ன நம்புறேன். இனிமே எவன் வந்து இன்னா சொன்னாலும் நம்புவேன்.

– அந்த ரெண்டு தபா நீ அவங்கள உள்ள வுட்டிருந்தா, என் ஒடம்புல ஒண்ணுமே இருந்திருக்காது.

– அதான் தெரிஞ்சுபோச்சே கண்ணு. போயி இட்டாறேன்.

– இந்த தபா கீது. கதவ சாத்து நைனா.