ஜூன் முப்பது வரை ஓடிய மில்

எண்ணெயில் பொரித்த மந்தாசி உருண்டையைத் தேநீரில் முக்கிச் சாப்பிடுகிறவர்களை எங்கள் தலைவர் டாக்டர் மக்வின்ஜாவுக்குப் பிடிக்காது. ஆகவே நான் அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டுதான் முக்குவேன். ஏழு வருடங்களுக்கு முன் அந்த ஜூன் மாதக் காலையிலும் கதவு சாத்தியிருந்தது. தொலைபேசியில் நான் சொன்னது வேறு யார் காதிலும் விழாமல் போனதற்கு அதுதான் காரணம்.

ஆசிரியரே, நம் கணக்காளர் மன்றத்தின் இதழுக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். சனிக்கிழமை விருந்தில் எனக்கு நேர்மைப் பதக்கம் அணிவிக்கப் போகிறார்கள். அதையொட்டி, என் பெயரால் வழங்கும் 'கும்வென்டா பொறி' எப்படி உதித்தது என்று இளைய கணக்காளர்கள் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்களாம். எழுதுகிறேன். தலைமைத் தேர்வாளனான எனக்குப் பக்க அளவை மீறும் வழக்கம் கிடையாது. பார்க்கப் போனால் எல்லாமே பக்க அளவில்தான் ஆரம்பித்தது.

அந்த வருடம் தலைவர் மன்றத்துக்குப் புதிய முத்திரை ஒன்று செய்வித்தார். சிறகு விரித்த மீன்கழுகு; அதன் கால்களில் ஒரு பேரேடு; அடியில் தலைவர் உட்பட யாருக்கும் புரியாத லத்தீன் வாசகம். வினாத்தாளின் தலைப்பில் கழுகு கம்பீரமாக இருக்க வேண்டும் என்றார். கழுகு கம்பீரமாக இருந்ததில் வினாத்தாள் ஐந்தாம் பக்கத்துக்கு வழிந்தது. நான்கு பக்கத்துக்கு மேல் அச்சிட அனுமதியில்லை. எனவே கேள்விக்கு ஒரு வரி வீதம் கத்தரித்தேன்.

மூன்றாம் கேள்வியில் ஒரு மக்காச்சோள மாவு மில்காரர் வருகிறார். பழைய மில்லைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்குகிறார். பழையது அந்த வருடத்தில் எத்தனை மாதம் ஓடியதோ அத்தனை மாதத் தேய்மானத்தைக் கழித்து, விற்றதில் லாபமா நஷ்டமா என்று மாணவர்கள் சொல்ல வேண்டும். மில்காரர் திருச்சபையில் மூப்பர் என்று ஒரு வரி இருந்தது. 'பழைய மில் ஜூன் முப்பது வரை ஓடியது' என்று இன்னொரு வரி. மூப்பரை எடுக்க நினைத்தேன். மூப்பர் இருந்துவிட்டார், தேதி போய்விட்டது.

தேர்வன்று காலை ஒன்பதே முக்காலுக்கு பிளான்டயர் நகரத் தேர்வு மையத்திலிருந்து கண்காணிப்பாளர் கோன்ட்வே கூப்பிட்டார். "சார், ஒரு பொண்ணு எந்திரிச்சு கேக்குது. பழைய மில்லு எப்ப நின்னுச்சுன்னு கேள்வியில இல்லையாம். நானும் ரெண்டு தரம் படிச்சுப் பாத்தேன். மில்காரர் மூப்பர்ங்கிறது மட்டும் நல்லா விளங்குது."

என் பிரதியைப் புரட்டினேன். மந்தாசி கோப்பைக்குள் விழுந்தது. தொலைபேசி கையில் இருந்தது. எல்லா மையங்களுக்கும் பத்து நிமிடத்தில் திருத்தம் சொல்லியிருக்கலாம். சொன்னால், கழுகு வந்த முதல் தாளிலேயே பிழை என்று ஆகும். பட்டமளிப்பு மேடையில் தலைமைத் தேர்வாளருக்கென்று சிவப்பு அங்கியும் கைவைத்த நாற்காலியும் உண்டு. அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது அந்த நாற்காலிதான்.

"கேள்வியில தப்பில்ல. வேணும்னா அனுமானம் எழுதிக்கிட்டு மேல போகச் சொல்லுங்க," என்றேன்.

எங்கள் தேர்வுகளில் அது நெடுநாள் வழக்கம். கேள்வி விளங்காவிட்டால் விடைக்கு மேலே 'என் அனுமானம்' என்று ஒன்றை எழுதிவிட்டுத் தொடரலாம். அனுமானம் நியாயமாக இருந்தால் மதிப்பெண் உண்டு.

விடைத்தாள்கள் வந்தன. அந்த மையத்தில் மட்டும் நூற்றெண்பது பேர். பாதிப் பேர் முழு வருடத் தேய்மானம் போட்டிருந்தார்கள். சிலர் எதுவும் போடாமல், புரியாத தொகையை அனாமத்துக் கணக்கில் தள்ளியிருந்தார்கள். சிலர் மூன்று விடைகள் எழுதி, பிடித்ததை எடுத்துக்கொள்ளும்படி தாழ்மையுடன் கேட்டிருந்தார்கள். ஒருவர், மூப்பர் பொய் சொல்ல மாட்டார், அவரிடமே கேட்டுவிடலாம் என்று எழுதியிருந்தார். ஒரே ஒரு தாளில்தான் இப்படி இருந்தது: 'என் அனுமானம்: பழைய மில் ஜூன் முப்பது வரை ஓடியது.'

தாளுக்குரியவள் தியாமிகே நங்வாலே. எழுந்து நின்று கேட்ட பெண் அவள்தான். தியோலோ பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுத்தர். அந்தத் தேர்வில் தேறினால்தான் வேலை நிரந்தரம்.

தேறியவர் நூற்றுக்குப் பதினொருவர் என்றதும் மாணவர்கள் மனுக் கொடுத்தார்கள். மன்றம் கூடியது. கேள்வியில் ஓட்டை இருந்ததா என்று தலைவர் என்னைக் கேட்டார். இருந்தது, நானே விட்டேன் என்றேன். வினாத்தாள் முன்கூட்டியே கசிகிறதோ என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம், ஆகவே மூலப்பிரதியிலிருந்து ஒரு வரியை வேண்டுமென்றே உருவி வைத்தேன், அந்த வரியைத் தெரிந்து வைத்திருப்பவர் மூலப்பிரதியைப் பார்த்தவராகத்தான் இருக்க முடியும் என்றேன். தியாமிகேயின் தாளை மேசைமேல் வைத்தேன்.

"வலைன்னா இதுதான்யா வலை," என்றார் தலைவர். "கும்வென்டா, உமக்குள்ள இப்படி ஒரு ஆளு இருக்கான்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

எனக்கும் அதுவரை தெரியாது.

அவளை விசாரணைக்கு அழைத்தார்கள். மேசையில் பிஸ்கட் தட்டு இருந்தது. அவள் பக்கம் யாரும் நகர்த்தவில்லை.

"நூத்தி எண்பது பேருக்குத் தெரியாத தேதி உனக்கு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சுது?" என்றார் தலைவர்.

"கேள்வியிலயே இருக்கு சார். பழைய மில்லுக்கு வாங்குன டீசல் பில்லு கடைசிப் பாராவுல மாசாமாசம் போட்டிருக்கு. ஜூனோட நின்னுபோச்சு. டீசல் இல்லாம மில்லு ஓடுமா? எங்க ஊர்ல மாவு அரைக்க வரிசையில நிக்கிற பொம்பளைங்களக் கேளுங்க, சொல்லிருவாங்க."

அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் முனைவர்கள். டீசல் விவரம் யாருக்கும் பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்று சொல்லவும் மனமில்லை. எல்லோரும் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அவள் சொன்னது அங்குலம் அங்குலமாகப் புரிந்தது. இருபது வருடத்தில் அவ்வளவு அழகான விடையை நான் திருத்தியதில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அனுமானம் எழுதிக்கச் சொல்லி நீங்கதானே சார் சொல்லி அனுப்புனீங்க?"

"அனுமானம் யார் வேணும்னாலும் எழுதலாம்மா," என்றேன். "சரியா எழுதுறதுதான் சந்தேகத்துக்கு இடம்."

வாழ்நாள் தடை. கடிதத்தின் நகல் தோட்டத்துக்கும் போனது. நகலில் கையெழுத்திட்டவன் நான்.

பிறகு பொறியை மன்றம் நிரந்தர விதியாக்கியது. ஒவ்வொரு ஜூனிலும் ஒரு வரியை நான் எடுக்க வேண்டும். யாராலும் ஊகிக்க முடியாத வரியாக எடுத்திருக்கலாம். ஆனால் யாருமே சிக்காவிட்டால் முதல் வருடத்தைப் பற்றிக் கேள்வி வரும். ஆகவே, கூர்ந்து படிக்கிற பிள்ளை கண்டுபிடிக்கக்கூடிய வரியாகப் பார்த்து எடுத்தேன். தியாமிகேக்குப் பின் இருபத்திரண்டு பேர். இந்த நாட்டில் ஒரு கேள்வித்தாளை உண்மையிலேயே படிக்கத் தெரிந்த இருபத்திரண்டு பேர். பெயர்களை மனப்பாடமாகச் சொல்வேன், கேட்கத்தான் ஆளில்லை.

கடந்த இரண்டு வருடமாக ஒருவரும் சிக்கவில்லை. கசிவு ஒழிந்தது என்று தலைவர் அறிவித்தார், பதக்கம் அதற்குத்தான். ஏன் சிக்கவில்லை என்பதை என் தங்கை மகள் தவோங்கா சொன்னாள். அவளும் இந்தப் படிப்புதான். "மாமா, வகுப்புல இப்ப இதையும் சேத்துத்தான் சொல்லிக் குடுக்கிறாங்க. கேள்வியில ஓட்டை இருந்தா ஓட்டையாவே விட்டுட்டு வா, அடைச்சே, அன்னியோட நீ காலி. தேதி தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி தப்பாப் போடணுமாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "எனக்கு அது வராது மாமா. கண்ணு முன்னாடி தெரியுறத எப்படி எழுதாம விடுறது?"

தியாமிகே இப்போது லிம்பே சந்தையில் பொடிமீன் கருவாடு விற்கிறாள். வாரம் ஒருமுறை அவளிடம்தான் வாங்குகிறேன். அதில் எனக்குச் சற்று ஆறுதல். முதல் நாளே என்னை அடையாளம் கண்டுகொண்டாள். தகரக் குவளையில் அளந்து, விளிம்புக்கு மேல் நின்றதை விரலால் வழித்துவிட்டு நீட்டினாள்.

"அளவு சரியா இருக்கா, பாத்துக்குங்க சார். அப்புறம் சந்தேகம்னு சொல்லிறக் கூடாது."

சரியாக இருந்தது. எப்போதும் சரியாகவே இருக்கிறது. வீட்டில் அந்த மீனை யாரும் சாப்பிடுவதில்லை; எனக்கும் இறங்குவதில்லை. பரண்மேல் இத்தனை வருடத்துப் பொட்டலங்கள் இருக்கின்றன.

ஆகவே, ஆசிரியரே, பொறி என்று ஒன்று இருந்ததே இல்லை. ஒரு கழுகுக்கு இடம் விட்டபோது கைதவறி ஒரு வரி போனது. அதை மறைக்க ஒரு பெண்ணின் வாழ்க்கையை எடுத்தேன். அந்தப் பொய் நிற்பதற்காக மற்ற இருபத்திரண்டு பேரையும் எடுத்தேன். இதைத் தெரிந்தே செய்தேன்.

இன்று புதன். இதைத் திங்கட்கிழமை உங்களுக்கு அனுப்புவேன். பதக்கம் பெற்றவன் சொன்னால்தான் இதற்கு ஒரு கனம் இருக்கும். வேறு காரணம் இல்லை.

வெள்ளிக்கிழமை தேர்வு. இந்த வருடமும் ஒரு வரியை எடுத்திருக்கிறேன். தாள்கள் அச்சாகி உறைக்குள் போய்விட்டன. தவோங்காவும் எழுதுகிறாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அது வினாத்தாள் கசிவாகிவிடும். அந்தக் குற்றத்தை இதுவரை நான் செய்ததில்லை.

என் அனுமானம்: அவள் அந்த வரியைக் கண்டுபிடிக்க மாட்டாள்.